வலையைக் கிழிக்காத கிட்டார்

கேட்காமலே உதவி செய்கிறவர்களை நாடு கடத்தலாம் என்று ஒரு சட்டம் வந்தால், தூத்துக்குடியிலிருந்து முதல் ஆளாக நான்தான் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். வழியனுப்ப என் தங்கச்சி மெர்சி வருவாளா என்பதும் சந்தேகம்தான்.

மெர்சி என்னைவிட ஆறு வயது இளையவள். அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்த கிட்டாரை எட்டாம் வகுப்பிலிருந்து வாசிக்கிறாள். பன்னிரண்டு வருஷம் அவள் விரல் பட்டுப் பட்டு அதன் கழுத்து தேய்ந்து, அழுத்துகிற இடங்களில் மரம் குழிவிழுந்து போயிற்று. உப்புக்காற்று வேறு தன் பங்குக்குக் கழுத்தை லேசாக வளைத்துவிட்டது. சில இடங்களில் விரல் வைத்தால், உள்ளே ஓர் ஈ மாட்டிக்கொண்டதுபோல இரையும். மதுரையில் ஒரு கடையில் கேட்டதற்குக் கழுத்தையே மாற்ற வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவளுக்கு இருந்ததோ பத்தே நாள். நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலைக்கு நேர்முகம் வந்திருந்தது. அங்கே வாசித்துக் காட்ட வேண்டும். படித்து முடித்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான்.

“எந்த இடம் இரையும்னு எனக்குத் தெரியும்க்கா. அங்கன வெரலு போகாம வாசிச்சிக்கிடுதேன். நீ ஒண்ணும் பண்ணாத” என்றாள்.

கடைசியில் சொன்னதை அவள் ஏன் சொன்னாள் என்று நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை. சுங்கத்தில் மாட்டிக்கொண்ட கண்டெய்னர்களை வெளியே எடுத்து எடுத்து, உலகத்தில் எது மாட்டிக்கொண்டாலும் என்னால் எடுத்துவிட முடியும் என்ற நினைப்பு தலைக்கேறியிருந்தது. (நாலு கண்டெய்னர்தான் எடுத்திருந்தேன். அதில் ஒன்று தானாக வந்தது.)

நேர்முகத்துக்கு முந்தின வியாழக்கிழமை, தோழி கல்யாணத்துக்காக மெர்சி சாத்தான்குளம் போனாள். அவள் பஸ் ஏறியதும் கிட்டாரை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு நான் திரேஸ்புரத்துக்குக் கிளம்பினேன். அங்கே ராயப்பு அண்ணன் ஃபைபர் படகு பழுது பார்க்கிறவர். பாறையில் அடிபட்டுப் பிளந்த படகைக் கொடுத்தால், ரெசின் வைத்து அடைத்துத் தேய்த்து, எங்கே பிளந்தது என்று சொந்தக்காரனுக்கே தெரியாதபடி திருப்பித் தருவார். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அடைத்ததும் அவர்தான். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

தனக்குப் பாட்டுப் பெட்டியெல்லாம் தெரியாது என்று அவர் நேர்மையாகத்தான் சொன்னார். அவரை விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. எல்லாம் தெரிந்தவள்போல கழுத்தின்மேல் கையை ஓட்டிக் காட்டினேன்.

“இங்கன குழி, இங்கன குழி. எல்லாத்தையும் அடைச்சிருங்கண்ணே. மேல இருந்து கீழ வரைக்கும் கைய வச்சி இழுத்தா எங்கயும் தட்டப்பிடாது.”

இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. இது அவர் தினமும் செய்கிற வேலை. படகின் ஓரத்தில் ஓர் ஆணித் தலை துருத்திக்கொண்டிருந்தால் போதும், இழுக்கிற வலை அதில் மாட்டிக் கிழிந்துவிடும். அதனால் எந்தப் படகு வந்தாலும் முதலில் கையால் தடவிப் பார்த்து, தட்டுகிறதையெல்லாம் எடுத்துவிடுவார். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கும் இது தெரியும். தெரிந்தே சொன்னேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் போனேன். கழுத்து முகம் பார்க்கலாம்போல மின்னியது. கூடவே செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார்.

“குறுக்க குறுக்க கம்பி அடிச்சி வச்சிருந்தான். வலையக் கிழிச்சிரும்லா. எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். பித்தளை மாதிரி இருக்கு, வச்சிக்கோ பிள்ள.”

நான் நன்றி சொன்னேன். (ஆமா, ரெண்டு தடவை.)

ஃப்ரெட் என்கிற அந்தக் குறுக்குக் கம்பிகள் இல்லாவிட்டால் கிட்டாரில் எந்தச் சுரம் எங்கே நிற்கிறது என்றே தெரியாது என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று, மரம் பிளக்காமலிருக்க அடித்த பட்டை என்று நினைத்திருந்தேன். ஒரே அறையில் பன்னிரண்டு வருஷம் என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து அவள் வாசித்திருக்கிறாள். சத்தத்தைக் குறை என்று சொன்னதைத் தவிர, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சனிக்கிழமை மெர்சி வந்தாள். கண்ணை மூடச் சொல்லி கிட்டாரை மடியில் வைத்தேன். அவள் கழுத்தின்மேல் கையை ஓட்டினாள். எங்கேயும் தட்டவில்லை.

“ஃப்ரெட்டு எங்கக்கா?”

பொட்டலத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால், நானும் பதிலுக்குக் கத்தி, எப்படியோ தப்பித்திருப்பேன்.

“இது எதுக்குன்னு நெனச்ச?” என்று மட்டும் கேட்டாள்.

“மரம் பிளக்காம இருக்க” என்றேன்.

மெர்சி சிரித்தாள்.

திங்கட்கிழமை கோயில் பாடகர் குழுவின் கிட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். (அதையும் யாரும் கேட்கவில்லை.) அந்தக் கிட்டாரின் கழுத்து அகலமானது. தன் கிட்டாரில் இரையும் இடங்களைத் தாண்டித் தாண்டிப் பழகிய விரல்கள் அதில் தடுமாறின. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாசிப்பதை நான் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். மூன்றாவது வரியில் நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எந்தத் தகவலும் வரவில்லை.

“அவ கிட்டார்ல வாசிச்சிருந்தாலும் கிடைச்சிருக்காது, விடு” என்று அம்மா எனக்கு ஆறுதல் சொன்னாள். மெர்சி அடுத்த அறையில்தான் இருந்தாள். என்னைத் தேற்ற அவள் வாசிப்பையே மட்டம் தட்ட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகு ஒரு புதுக் கழுத்தை ஆன்லைனில் வரவழைத்து அவள் முன்னால் வைத்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. “நீ மாட்டி நீயே வாசிக்கா” என்றாள். இப்போது கல்யாணமாகி, ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். கிட்டார் வாங்கித் தருகிறேன் என்று அவள் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். வேண்டாம் என்கிறாள்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு நிரந்தர நகைச்சுவை கிடைத்துவிட்டது. மிக்சி நின்றால், குடைக் கம்பி வளைந்தால், “ஜெசிந்தாகிட்ட குடு, வலை கிழியாம பண்ணித் தருவா” என்பார்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும் கதையில் நான் கிட்டாருக்கு நீலப் பெயிண்டும் அடித்திருக்கிறேன்.

போன மாதம் மெர்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயிலிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளை என் மடியில் இருந்தது. சித்தப்பா எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

“ஏ, பிள்ளைய ஜெசிந்தாகிட்ட குடுக்காதிய. மூக்கு கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கு.”

பந்தியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். மெர்சியும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து வந்து, என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை அழவும் இல்லை, அதற்குப் பசிக்கவும் இல்லை.