பாணி தெளியும்வரை பொறுங்கள்

மனிதரில் எத்தனையோ ரகம் உண்டு. அதில் ‘பொறுங்க’ ரகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சோறு வெந்தால் தம் அடங்கட்டும் என்பார், மாம்பழம் பழுத்தால் காம்பு வாடட்டும் என்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அது முழுசாக வெளியே வரட்டும் என்பார். எதற்கும் ஒரு பதம் உண்டாம். அந்தப் பதம் இவருடைய மூக்குக்கு மட்டும்தான் தெரியுமாம். அட, அப்படி என்ன மூக்கு?

எங்கள் கல்முனையில் இந்த ரகத்துக்குத் தலைவர், ஊரே அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் கலந்தர் காக்கா. கட்டாரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே வெள்ளைக்காரர்கள் பல வருடம் கிடந்த மதுவை மண்டி சேராமல் கண்ணாடி ஜக்கில் வடித்து, காற்றுப்பட வைத்து, மணிக்கணக்கில் காத்திருந்து குடிப்பார்களாம். காக்கா அதில் ஒரு சொட்டும் தொட்டதில்லை, உண்மை. கிட்டப் போய்ப் பார்த்ததும் இல்லை, அதுவும் உண்மை. அவருக்கு வேலை மேசைச் சீலை கழுவும் பகுதியில். ஆனாலும் ஊருக்குத் திரும்பியபோது பேரீச்சம்பழத்தைக் காய்ச்சிய பாகான பாணிப் போத்தல் ஒன்றும், கண்ணாடி ஜக் ஒன்றும், வெள்ளைக்காரனின் பெருமை முழுவதும் அவரோடு வந்திறங்கின.

அந்தப் பாணியை அவர் வடிக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! போத்தலை முதல் நாளே நிமிர்த்தி வைப்பார். பிறகு அதன் கழுத்துக்குப் பின்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்து, மூச்சை அடக்கி, நூல்போல ஊற்றி, அடியில் மண்டி அசைந்ததும் சட்டென்று நிறுத்தி, தண்ணீர் கலந்து, ஜக்கை மேசை நடுவே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? கேட்டுப் பாருங்கள்.

“அது அதுட நேரத்துக்கு வரும்.”

மனிதர் ஒருநாளும் இதற்கு மேல் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு!

இந்தக் கூத்து அவருடைய வாயோடு நின்றிருந்தால் எனக்கென்ன? அவருடைய மகள் ஸில்மியாவைப் பெண் பார்க்க மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை றுமைஸின் உம்மாவும் வாப்பாவும் வந்தார்கள். றுமைஸை அவளுக்கு முன்பே பிடித்துப்போயிருந்தது. அன்று விடியற்காலையிலிருந்தே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் பக்கத்தில், வந்தவர்களின் வாயில் இனிப்புப் பட்ட பிறகுதான் சம்பந்தப் பேச்சை எடுப்பார்கள். இனிப்பு வராவிட்டால், ‘எங்களுக்கு விருப்பமில்லை’ என்று வீட்டார் முகம் முறியாமல் சொல்கிறார்கள் என்று அர்த்தம். இது கலந்தர் காக்காவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாணி பெரிதல்லவா!

மழை, நெல் விலை, மீன் விலை எல்லாம் கதைத்து முடிந்தது. மேசை நடுவே வைத்த பாணி ஜக் அப்படியே இருந்தது. காக்காவின் மனைவி அஸீஸா கதவோரம் வந்து நின்றாள்.

“இஞ்ச பாருங்க, குடுத்திருவமா?”

“பொறு புள்ள. இன்னும் வாசம் விரியல்ல.”

“அப்ப தேத்தண்ணியாவது ஊத்திக்கொண்டு வாறன்.”

“தேத்தண்ணி குடிச்ச நாக்குக்கு இதுட ருசி விளங்குமா? பேசாம இரி!”

மஃரிபு தொழுகைக்கு நேரம் நெருங்கியது. மாப்பிள்ளையின் உம்மா ஹப்ஸா ஜக்கைப் பார்த்தாள், காக்காவைப் பார்த்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

“சரி மச்சி, நாங்க போயிட்டு வாறம்.”

“அல்லாஹ்வே! இரிங்க மச்சி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க!” அஸீஸா பதறிப்போனாள்.

“இப்ப குடிச்சா வீணாப் போயிரும்,” என்றார் காக்கா.

“ஓம், எங்களுக்குத் தந்து ஏன் வீணாக்கிற?” என்று ஹப்ஸா செருப்பைப் போட்டாள்.

அடுத்த கிழமையே றுமைஸுக்குச் சாய்ந்தமருதில் சம்பந்தம் முடிவாயிற்று. அந்த வீட்டில் படலை திறந்ததுமே கடையில் வாங்கிய ஜூஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார்களாம். கேள்விப்பட்ட காக்கா கொஞ்சமாவது கூசினாரா?

“பொறுமை இல்லாத ஆக்கள், மகள். நல்லது அதுட நேரத்துக்கு வரும்.”

அழுது வீங்கிய முகத்தோடு ஸில்மியா சொன்னாள்: “வந்துதான் இருந்திச்சு வாப்பா. நீங்கதான் திருப்பி அனுப்பின.”

நீங்கள் காக்காவைத் திட்டுகிறீர்கள். நன்றாகத் திட்டுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலும் ‘நல்ல ஆக்கள் வந்தா எடுப்பம்’ என்று ஒரு கோப்பை செட் இருக்கிறதுதானே? அதில் இதுவரை குடித்தவர் யார்? ஒருவரும் இல்லையா? அப்படியென்றால், இத்தனை காலமும் வந்து போனவர்களை நீங்கள் எப்படிப்பட்ட ஆட்களாக நினைத்தீர்கள் என்று அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.