நாற்பத்தெட்டுக் கட்டத்தில் அத்தை

அன்பும் மரியாதையும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தியாளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். உண்மையில் உங்கள் கொழுந்தியாள் நலம், அத்தை மிக மிக நலம், நான் மட்டும்தான் சோறு இறங்காமல் கிடக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் சுவருக்கு மட்டுமல்ல, தண்ணீர்க் குழாய்க்கும் காது உண்டு. அதனால்தான் உங்கள் ஆபீஸ் முகவரிக்குக் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது நம் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் வரும் ஆட்களின் முகத்தை வரைகிறேன். அகலத்தில் நாற்பத்தெட்டு, உயரத்தில் நாற்பத்தெட்டு, எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். அந்தக் கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். பதினாறு நிறத்துக்கு மேல் கூடாது. ஒரு கட்டத்தை இப்படி நகர்த்தினால் ஆள் சிரிப்பான், அப்படி நகர்த்தினால் அழுவான். கிட்டத்தில் பார்த்தால் குளியலறை டைல்ஸ் மாதிரிதான் இருக்கும், வாசற்படிவரை தள்ளிப் போய் நின்று பார்த்தால் ஒரு ஆள் உட்கார்ந்து நம்மையே முறைப்பான்.

இந்த முறை எனக்கு வாய்த்தவள் ஒரு ராணி. ஊர்க் கிணறுகளில் விஷம் கலக்குகிறவள். வரைந்து முடித்துக் கருத்துக் கூட்டத்தில் வைத்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. படத்தைச் சுவரளவு பெரிதாக்கிப் போடுவார்கள், மற்றவர்கள் பேசுவார்கள், வரைந்தவன் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது, எல்லாம் முடிந்ததும் நன்றி மட்டும் சொல்லலாம். ராணி பல்வலிக்கு மாத்திரை கேட்டு நிற்கிறாள் என்றார் கதை எழுதுகிறவர். பூதக்கண்ணாடி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பெண், மூக்கு நிழலில் ஒரு கட்டம் அநாதையாகக் கிடக்கிறது என்றாள். கடைசியில் தலைமை ஓவியர் சொன்னார்: "இவளப் பார்த்தா பயமே வரல. உங்களுக்கு யாரப் பார்த்தா பயமோ, அவங்கள மனசுல வச்சு வரைங்க." நான் நன்றி சொன்னேன்.

சகலை, சத்தியமாக நான் யாரையும் மனதில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அத்தை எங்களோடு தங்க வந்து இறங்கினார். என் அறை வாசலில் நின்றபடியே, மேஜையில் கழுவாமல் கிடந்த டம்ளரைப் பார்த்தார். இடது புருவம் மட்டும் ஏறியது. அவ்வளவுதான், என் கை தானாகவே ராணியின் இடது புருவத்தை ஒரு கட்டம் மேலே தள்ளிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். என்னைப் பூதத்தை வரையச் சொன்னார்கள், அத்தை கிளம்பிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் படம் சுவரில் விழுந்ததும் கதை எழுதுகிறவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். இனி இதில் கை வைக்கவே வேண்டாம் என்றார் தலைமை ஓவியர். ஆனால் வரைந்தவன் வாய் திறக்கக் கூடாதே, இது என் மாமியார் என்று எப்படிச் சொல்வேன்? நன்றி சொன்னேன். அதன்பிறகு நானாகவே முகத்தைக் கெடுக்கப் பார்த்தேன். நரைமுடியைக் கறுப்பாக்கினேன், கல்யாணப் போட்டோவில் இருக்கும் அத்தை வந்தார். மூக்கை நீட்டினேன், அத்தையின் அண்ணன் சாயல் வந்தது. ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினேன், மிச்சமிருந்த கண் இரண்டு கண்ணின் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. எதைக் கொண்டுபோய் வைத்தாலும் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வாழ்நாளில் நான் இவ்வளவு பாராட்டு வாங்கியதும் இல்லை, இவ்வளவு நடுங்கியதும் இல்லை. மடித்த துணியோடு வந்த உங்கள் கொழுந்தியாள் வாசலில் நின்று திரையைப் பார்த்தாள். "அம்மா கண்ணுல இது பட்டுச்சுன்னா, நான் உங்க பக்கம் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது வந்திருக்கும் ஆபத்தைக் கேளுங்கள். நேற்றுச் சாப்பிடும்போது அத்தை, என்றுமில்லாத அன்போடு, நான் வரைவதை ஞாயிற்றுக்கிழமை தனக்கும் காட்டச் சொன்னார், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் வேலையைப் பற்றி விசாரித்தது இதுதான் முதல் முறை. மாப்பிள்ளை ஏதோ கம்ப்யூட்டரில் பண்ணுகிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது என்னை ஒரு மனுஷனாக மதித்துக் கேட்கிறார், அவருக்குக் காட்ட என்னிடம் இருப்பது விஷ ராணி. நான் ராணியைக் காட்டினால் இந்த ஜென்மத்தில் அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார், உங்கள் கொழுந்தியாளும் அப்படித்தான். பயமாக இருக்கிறது சகலை.

ஆகவே உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அத்தையை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முட்டிவலியைக் காரணம் சொல்லுங்கள். முட்டிவலி இல்லையென்றால் வரவழைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தலைமை ஓவியரிடம் கெஞ்சிக் கூத்தாடி ராணியை வேறு யார் கையிலாவது ஒப்படைத்துவிடுகிறேன். மூத்தவர் நீங்கள், என்னைக் கைவிட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும், படம் மட்டும் வரைய வேண்டாம்.

இப்படிக்கு,
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்
இளைய சகலை

பி.கு.: உறை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தேன். திரையை அணைக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் அத்தை வாசற்படியில் நிற்கிறார், கட்டமெல்லாம் மறைந்து முகம் தெரிகிற சரியான தூரத்தில். வெகுநேரம் பார்த்தார். "நான்தானே?" என்றார். பழக்கதோஷம், நான் நன்றி என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தால், தாடையை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம் என்று கருத்துச் சொல்லிக்கொண்டே கிட்டே வந்தார். மேஜைமேல் இந்தக் கடிதம் விரித்தபடி கிடந்தது. நின்றபடியே முழுவதும் படித்தார். நிமிர்ந்தபோது இடது புருவம் ஏறியிருந்தது, குரல் மட்டும் சின்னதாக வந்தது. "நான் அங்க போயிடட்டுமா மாப்பிள்ளை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது சகலை. அது பயத்தில் ஏறுகிற புருவம். அன்றைக்கு வாசலில் அவர் என் டம்ளரைப் பார்க்கவே இல்லை, இந்த வீட்டில் தனக்கு இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆபீஸில் அத்தனை பேர் உட்கார்ந்து கருத்துச் சொன்னோம், ஒருவருக்கும் இது தெரியவில்லை. வரைந்த எனக்கே தெரியவில்லை.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். எழுதியதைத் தபாலில் போடாமல் விடக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு, அதனால் அனுப்புகிறேன். தயவுசெய்து அவரை அழைக்காதீர்கள். வந்த நாளிலிருந்து அவருடைய பெட்டி பிரிக்காமல் கதவோரமாகவே இருந்திருக்கிறது. துணியையெல்லாம் அலமாரியில் அடுக்கி, காலிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.