இன்று பதிவான பெயர்கள்

ஜார்ஜ் டவுன்,
வியாழக்கிழமை

சேசு மரி சூசை துணை.

பைராம் தோட்டத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் சூசைநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை அமலம்மாளைக் கட்டிக்கொண்ட வேதநாயகம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, மகள் சோஃபியா மூவரும் சுகம். என் இடது முட்டி மட்டும் சுகமில்லை. உங்கள் வீட்டில் எல்லோருடைய சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை அடுக்களையிலிருந்தே திருத்தம் சொல்கிறாள்.

விஷயம் இதுதான். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரை இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தாராளமாக அழைத்து வரலாம். சோஃபியாவிடம் கேட்டேன். "பாக்கலாம்பா" என்றாள். போதாதா? ஆனால் வருகிறவர்கள் எங்கள் தெருவில் என்னைப் பற்றி விசாரித்தால் நாலு விதமாகக் காதில் விழும். சம்பந்தம் என்னால் கெட்டுப்போனது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அதனால் நடந்ததை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

சோஃபியா கெலுகோரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் ஒரு கருவி செய்கிறாள். நம் நாட்டில் கடையோ சங்கமோ பள்ளிக்கூடமோ, இன்டர்நெட்டில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பெயரைப் பதிய வேண்டும். அதன் கடைசியில் நம் நாட்டுக்கு அடையாளமாக 'புள்ளி எம்.ஒய்.' என்று வரும். அந்தப் பெயர்களையெல்லாம் திரட்டி, எந்த ஊரில் எவ்வளவு, எது நடக்கிறது, எது பதிந்ததோடு பூட்டிக் கிடக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவதுதான் அந்தக் கருவியின் வேலை. "அப்பா, ரிட்டயர் ஆனவங்களுக்கும் புரியுதான்னு டெஸ்ட் பண்ணணும். சும்மா தட்டிப் பாருங்க லா" என்று எனக்கும் ஒரு பாஸ்வேர்டு கொடுத்தாள். வட்டமாகவும் கம்பி கம்பியாகவும் ஏதேதோ படங்கள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. மூலையில் 'இன்று பதிவான பெயர்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. அது நன்றாகவே புரிந்தது.

மச்சான், அதைத் திறந்த நாளிலிருந்து நான் பேப்பரில் மரண அறிவித்தல்கூடப் பார்ப்பதில்லை. கடைக்குப் பூட்டு வாங்குவதற்கு முன்பே பெயரைப் பதிந்துவிடுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிடுகிறார்கள். ஊர் நடப்பு அத்தனையும் காலைக் காப்பியோடு வந்துவிடும்.

முதலில் மாட்டியவர் நாசி கண்டார் சோற்றுக்கடை ஷேக் அலாவுதீன். அவர் பெயரோடு அக்கரை ஊரான பட்டர்வொர்த்தும் சேர்ந்து ஒரு நாள் பட்டியலில் வந்தது, சாப்பிடப் போன இடத்தில் வாழ்த்துவதுதானே மரியாதை என்று நானும் சத்தமாக, "பாய், பட்டர்வொர்த்துல புதுக் கடையாமே!" என்றேன், கல்லாவில் இருந்த அவர் தம்பி, கடையில் பாதிப் பங்குக்காரர், தலையைத் தூக்கி, "எந்தக் கடை?" என்றார், அவ்வளவுதான், அன்றிலிருந்து என் சோற்றில் மட்டும் குழம்பு விழுவதில்லை. சரி, இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன், அதற்குள் 'ஹஸ்ருல்-ஐனா' என்று ஒன்று வந்துவிட்டது. ஹஸ்ருல் பக்கத்து வீட்டு நூர் பீவியின் மகன், எங்கள் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்கிற நல்ல பிள்ளை, அவனுக்கு நல்லது நடக்கும்போது சும்மா இருக்க முடியுமா, வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நூர் பீவி, கல்யாணம் எப்ப?" என்று கேட்டேன். "எந்தக் கல்யாணம்ணே? யாரு அந்த ஐனா?" என்றார். அவர் தன் அண்ணன் மகளுக்கு வளையலே எடுத்து வைத்திருந்தாராம், எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் அந்த வீட்டில் ஒரே ரகளை, பிறகு ஐனாவோடுதான் நிச்சயமானது, தெரு முழுக்க அழைப்பு வந்தது, எங்கள் வீட்டைத் தவிர. சிலிண்டரை இப்போது நானே தூக்குகிறேன். முட்டி போனது அப்படித்தான்.

இதோடு விட்டதா? பார்க்கிறவர் எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதையும் அந்தக் கருவி கணக்கெடுக்கிறதாம். 'மக்கள் மிகவும் விரும்பும் பக்கம் இதுதான்' என்று சோஃபியாவின் மேனேஜர் பெரிய மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த மக்கள் முழுவதும் நான் ஒருவன்தான் என்று அவளுக்கு மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தினமும் காலையில மொத வேலை அதானாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

எப்படியோ, இதில் ஒரு நன்மை உண்டு. இந்த ஊரில் எந்தப் பிள்ளை யாரைக் கட்டப் போகிறது என்பது பெற்றவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சோஃபியா பெயரில் இன்றுவரை ஒன்றும் வரவில்லை. ஆகவே, பெண்ணுக்கு வேறு எண்ணம் கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் என் பொறுப்பில் நீங்கள் அடித்துச் சொல்லலாம்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். மாதா எல்லோரையும் காக்கட்டும்.

அன்புள்ள,
வேதநாயகம்

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. தபாலில் போடக் கிளம்பும் முன் வழக்கம்போல் பட்டியலைத் திறந்தேன். புதிதாக மூன்று பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. 'அப்பா-திட்டாதீங்க புள்ளி எம்.ஒய்.' அதற்குக் கீழே 'கெல்வினைத்தான்-கட்டிக்குவேன் புள்ளி எம்.ஒய்.' அதற்கும் கீழே 'அம்மாவுக்குத்-தெரியும் புள்ளி எம்.ஒய்.'

கெல்வின் எங்கள் கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். என்னைக் கண்டால் "அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். உங்கள் தங்கையிடம் கத்தினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "வாயால சொன்னா நீங்க எப்ப கேட்டீங்க? லிஸ்ட்ல வந்தாதான நம்புவீங்க" என்றாள். எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது மச்சான். மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல நாடு முழுக்கப் பதிய வேண்டியிருக்கிறது.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்; திரும்ப எழுதக் கை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லி நிறுத்திவிடுங்கள், ஆனால் நீங்கள் கட்டாயம் வாருங்கள். சோஃபியாவிடம் முகம் பார்த்துச் சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. அதனால் அமலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர, நானும் ஒன்று பதிந்துவிட்டேன். நாளைக் காலை பட்டியலில் அவள் பார்ப்பாள்:

'ஞாயிறு-பூசை-முடிஞ்சதும்-அவனைக்-கூட்டிட்டு-வா புள்ளி எம்.ஒய்.'