பூஜையில் வைத்த ரிவால்வர்

ஞாயிற்றுக்கிழமைக்குள் தனக்கு ஏதாவது ஒரு வியாதி வரவேண்டும் என்று கிருஷ்ணமணி மனமுருக வேண்டிக்கொண்டிருந்தார். பெரிய வியாதியாக இருக்கக்கூடாது. பத்தியம் இருக்கக்கூடாது. ஆனால் பார்க்கிறவர்கள் நம்பவேண்டும்.

"காய்ச்சல் வந்தா போதுமாட்டி?" என்றார் மனைவியிடம்.

"காய்ச்சல் வந்தா சம்மந்தி பழமும் வாங்கிட்டு பாக்க வருவாரு. பொறவு தேறுனதும் சுடக் கூட்டிட்டுப் போவாரு" என்றாள் பகவதி, பயறில் கல் பொறுக்கிக்கொண்டே. "வாய் அடங்காம பேசுனது நீங்க. இப்பம் வியாதிய வா வான்னா எப்பிடி?"

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் கிருஷ்ணமணிக்கு ரிவால்வர் லைசென்ஸ் உண்டு. பாயின்ட் டூ டூ. குண்டின் அடியில் நடுவே அடிபடாமல், ஓரத்து விளிம்பில் அடிபட்டு வெடிக்கிற ரகம். மாதத்தில் இரண்டு ஞாயிறு மாவட்ட ரைபிள் கிளப்புக்குப் போவார். காதில் பஞ்சு, தலையில் தொப்பி, இடுப்பில் தோல் பெல்ட். சுழலும் உருளையில் குண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கும்போது வருகிற அந்தக் 'கிளிக்' சத்தம், சுட்டபின் எழும் மருந்து வாசனை, வீட்டுக்கு வந்து பழைய பனியன் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற சுகம் எல்லாவற்றையும் அவர் அனுபவித்தார். குறி பார்த்து அடிப்பதுதான் வரவில்லை. டார்கெட் தாளின் பின்னாலிருக்கும் மண்மேட்டில் அவருடைய குண்டு தவறாமல் பட்டது. எப்போதாவது தாளில் பட்டால் ஓரத்தில் பட்டது.

"விளிம்புல அடிச்சு வெடிக்கிற துப்பாக்கில்லா? அப்பம் குண்டும் விளிம்புக்குத்தான் போவும்" என்று கிளப் செகரட்டரி செல்வனிடம் ஒருமுறை விளக்கமும் கொடுத்தார். செல்வன் நல்ல மனிதர். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆனால் வீட்டின் முன்னறையில், தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடிக்குள், ஒரு டார்கெட் தாள் தொங்கியது. நடு வட்டத்துக்குள் நாலு ஓட்டை. ஒன்று மட்டும் சற்றே விலகி. நம்பும்படி இருக்கவேண்டாமா? எல்லாம் ஊதுபத்தியின் உபயம். தாளின் பின்னால் ஈரத்துணி பிடித்தவள் பகவதி.

அந்தத் தாளை நம்பித்தான் சம்பந்தமே வந்தது. மகள் அஸ்வதியும் மயிலாடி ஸ்ரீஜித்தும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஸ்ரீஜித்தின் அப்பா தாணுமாலயன், ரிட்டயர்டு சுபேதார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"துப்பாக்கி புடிக்கத் தெரிஞ்ச வீட்டுலதான் நான் பெண்ணெடுப்பேன்னு இருந்தேன். கொள்ளாம், நல்லாருக்கு."

பதில் மரியாதைக்கு மயிலாடி போன கிருஷ்ணமணிக்கு அங்கே வேர்த்தது. ஊர் கல்லுக்குப் பேர்போனதாயிற்றே. சுபேதார் வீட்டிலும் ஒரு டார்கெட் தாள், செதுக்கிய கருங்கல் சட்டத்துக்குள். ஐந்து ஓட்டையும் நடுவில். விலகல் என்ற பேச்சே இல்லை.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு பழம்பொரியைத் தின்றிருக்கலாம். கிருஷ்ணமணி சொன்னார்: "ஒருநாள் நம்ம கிளப்புக்கு வாங்க சம்மந்தி. ரெண்டு பேருமா சேந்து சுடுவோம்." வரமாட்டார் என்ற தைரியம்.

சுபேதார் ஒரு கணம் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். "வந்தாப் போச்சு. ஞாயித்துக்கெழம."

ஸ்ரீஜித் கைதட்டினான். அதன்பிறகு இருவரில் யாருக்கும் பின்வாங்க வழியில்லை. குறி தப்பினால் கல்யாணமும் தப்பும் என்று கிருஷ்ணமணி முடிவுகட்டினார். அஸ்வதியோ கல்யாணச் சேலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பல் தேய்க்கும்போது அவருக்கு யோசனை உதித்தது. வாயில் நுரையோடு ஓடி வந்தார்.

"ஏட்டி பகவதி! நாளைக்கு பூஜ வைக்கியது இல்லியா?"

"ஆமா, அஷ்டமி. புஸ்தகம் வைக்கணும், ஆயுதம் வைக்கணும்."

"எனக்க ரிவால்வரையும் வையி! பூஜையில வச்ச ஆயுதத்த எடுக்கப்படாது. ஞாயித்துக்கெழம அது சரஸ்வதிக்க முன்னால இருக்கும். யாரு கேக்க முடியும்?"

வெறும் உருளையோடு ரிவால்வர், அஸ்வதியின் பழைய நர்ஸிங் புத்தகங்களுக்கும் தேங்காய் துருவிக்கும் நடுவில் அமர்ந்தது. பகவதி சும்மா இருப்பாளா? பிடியில் சந்தனம், குழல் வாயில் குங்குமம், உருளைக்கு ஒரு பிச்சிப்பூ. முன்னால் பொரி, அவல், சர்க்கரை.

கிருஷ்ணமணி மயிலாடிக்குப் போன் போட்டு, குரலில் வருத்தத்தைத் தடவிக்கொண்டார்.

"சம்மந்தி, ஒரு தப்பு நடந்து போச்சு. வீட்டுல எனக்குத் தெரியாம ஆயுதத்த பூஜையில வச்சுட்டா. இனி எடுக்கப்படாதே!"

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பாவம், ஏமாற்றம்.

"தெய்வக் காரியம். அதுல நாம குறுக்க நிக்கப்படாது சம்மந்தி. வேண்டாம், விட்டிருவோம்" என்றார் சுபேதார்.

அதற்குள் பின்னாலிருந்து ஸ்ரீஜித்தின் குரல் பாய்ந்தது. "அப்பா! திங்கக்கெழம காலையில பூஜ எடுத்திருவாங்களே! விஜயதசமி! ஆயுதம் எடுக்க அதைவிட நல்ல நாள் உண்டுமா?"

மறுமுனையில் இருமல் கேட்டது. "ஆமா... அதும் சரிதான். திங்கக்கெழமயே ஆவட்டும்."

முன்பு நாலு பேர் பார்க்கவேண்டியது. இப்போது விஜயதசமி, விடுமுறை. மயிலாடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வருவதாகச் செய்தி வந்தது. செல்வன் கிளப் வாசலில் பிளெக்ஸ் வைத்துவிட்டார். அதில் கிருஷ்ணமணியும் சுபேதாரும் ஆளுக்கொரு புலியின்மேல் கைவைத்து நின்றார்கள்.

ஞாயிறு மத்தியானம் கிருஷ்ணமணி வைத்தியசாலைக்குப் போய், வலது கையில் விரலிலிருந்து முழங்கைவரை தைலக்கட்டு போட்டுக்கொண்டு வந்தார். நாலு வீட்டுக்கு மணத்தது. பிறகு செல்வனுக்குப் போன்.

"வழுக்கி விழுந்திட்டேன். வலது கை அனங்க மாட்டேங்கு. போட்டிய நிறுத்தீருங்க."

"வலது கைதானே அண்ணாச்சி?" செல்வன் உற்சாகமானார். "நீங்கதானே சொன்னிய, எனக்கு இடது கையிலதான் குறி ஜாஸ்தி, எதிராளி பாவமேன்னு வலது கையில சுடுகேன்னு! நாளைக்கு இடது கையாம்னு வாட்சப்புல போட்டிருகேன்."

சொன்னது உண்மை. போன வருஷம், ஒரு குண்டும் தாளில் படாத அன்று சொன்னது.

ஞாயிறு ராத்திரி கிருஷ்ணமணி சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்தார். இடது கையால் காற்றில் குறிபார்த்தார். குறி மின்விசிறிக்குப் போனது.

"சும்மா இருந்து தொலையுங்களேன். தரை தேயுது" என்றாள் பகவதி.

திங்கள் காலை வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. சுபேதார் கோட்டு போட்டு, மெடல் குத்தி இறங்கினார். கண்ணில் கன்னங்கரிய கண்ணாடி.

"கண்ணுவலி சம்மந்தி. ரெண்டும் செவந்து கெடக்கு. எதிர நிக்கியது ஆளா தூணான்னு தெரியல்ல. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா?"

கிருஷ்ணமணி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கண் தெரியாமலே சுடத் துணிந்து வந்திருக்கிறான் மனுசன்!

"உங்களுக்குக் கையி?" என்றார் சுபேதார், தைல மணத்தின் திசையைப் பார்த்து.

"விழுந்துட்டேன். ஆனா சொன்ன சொல்லு..."

"அதானே."

சுபேதாரின் மனைவி ரெத்னம்மை உள்ளே வந்து, கண்ணாடிச் சட்டத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பூஜை எடுத்தாகிவிட்டது. கூட்டம் சுற்றி நிற்க, ஸ்ரீஜித் மொபைலில் வீடியோ எடுக்க, கிருஷ்ணமணி இடது கையை ரிவால்வரை நோக்கி நீட்டினார். அப்போது குழல் வாயின் குங்குமத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு சிவப்பெறும்பு எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஊர்வலம். இரண்டு நாள் சர்க்கரையையும் அவலையும் உருளைக்குள் சேர்த்துவைத்து, குடும்பத்தோடு குடியேறியிருந்தன.

"தொடாதீங்க!" என்று கர்ஜித்தவர், ஆளா தூணா தெரியாத சுபேதார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வீசியிருந்தார். "உயிரு! விஜயதசமி நாளும் அதுவுமா உயிரு இருக்கிய குழல்ல மருந்து வைக்கியதா? பட்டாளத்துல நாங்க குருவி கூடு கட்டுன பீரங்கிய நவுத்தக்கூட மாட்டோம்!"

கிருஷ்ணமணிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. "எனக்கும் மனசு கேக்கல்ல சம்மந்தி. அதுவ தேடி வந்து தங்குன எடம்."

"கிளப்புல வேற ரிவால்வர் இருக்கே மாமா" என்றான் ஸ்ரீஜித்.

இரண்டு வீரர்களும் ஒரே சமயத்தில் அவன்மேல் பாய்ந்தார்கள்.

"பூஜையில வச்ச சொந்த ஆயுதம் இருக்கும்பம் கடன் ஆயுதம் எடுக்கியதா?" என்றார் ஒருவர்.

"குலத்துக்கு ஆவாது மக்கா!" என்றார் மற்றவர்.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கட்டுப்போட்ட வலது கை சுபேதாரின் முதுகில் நன்றாகவே தட்டிக்கொடுத்தது. தை மாதம் கல்யாணம் என்று அந்த இடத்திலேயே முடிவானது. அஸ்வதி எறும்புகளுக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டாள். சம்பந்திகள் இருவரும் முற்றத்துக்குப் போய், தாங்கள் சுட்டிருந்தால் எப்படிச் சுட்டிருப்போம் என்று ஆளுக்கு ஆள் விளக்கிக்கொண்டார்கள்.

பகவதி சாயாவோடு முன்னறைக்கு வந்தாள். ரெத்னம்மை எழுந்து, மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்து, தாளிலிருந்த ஓட்டைகளின் பழுப்பு ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கது ஊதுபத்திதானே மைனி? அதான் ஓட்டை நல்ல அழகா விழுந்திருக்கு. எங்க வீட்டு ஆளு மொதல்ல கம்ப்யூட்டர் சாம்பிராணிய வச்சு, மூணு தாளு முழுசா எரிஞ்சு போச்சு."