காத்தாடி அண்ணனும் சின்ன விமானமும்

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. ஆனால் உலகத்து விமானக் கம்பெனிகளுக்கெல்லாம் யோசனை சொல்லக்கூடிய ஒரே மனிதர் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, எங்கள் டிராவல்ஸில், என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் அவர் காத்தாடி. பெற்றோர் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிற்று.

இறக்கையில் காத்தாடி சுற்றுகிற சின்ன விமானங்கள் என்றால் அவருக்கு உயிர். எண்ணெய் குறைவாகக் குடிக்கும், புகை குறைவாக விடும் என்று, டிக்கெட் கேட்டு வந்தவரின் பெயரைக் கேட்பதற்கு முன்பே பிரசங்கம் ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை பிரியாணிக் கடை பாய் வந்து, "மெட்ராசுக்கு ஒரு டிக்கெட் போடு. நல்ல பெரிய பிளேனா பாரு" என்றார்.

"ஏன் பாய், நாலு பேருக்குச் சோறாக்கக் கல்யாண அண்டாவையா அடுப்புல ஏத்துவீக?"

தொழில்முறையில் கேட்ட கேள்வி பாய்க்குச் சரியாகப் பட்டது. சின்ன விமானத்திலேயே போனார். திரும்பி வந்து, "அந்தக் காத்தாடி நின்னுருமோன்னு பாத்துக்கிட்டே வந்தேன். கண்ணை மூடலப்பா" என்று குறைபட்டுக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். மகள் வீட்டுக்குக் கிளம்பிய ஓர் அம்மா, பெட்டியும் கையுமாக டிக்கெட் போட வந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்த காத்தாடி அண்ணன், அதைத் திறக்கச் சொல்லி உள்ளேயிருந்து இரும்புத் தோசைக்கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இம்புட்டுக் கனத்தையும் தூக்கிப் பறக்கணும்னா எம்புட்டு எண்ணெய் எரியும்? மெட்ராசுல தோசைக்கல்லு விக்கலையாம்மா?"

"யோவ், அது பழகுன கல்லுய்யா! ஒட்டாது!"

அந்த அம்மா கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். முதலாளி முகம் சிவந்தது. "இன்னொரு ஆளு இப்படிப் போச்சு, நீரும் கூடவே போயிரும்" என்றார். காத்தாடி அண்ணன் அன்று மதியம் சாப்பிடவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஆரம்பித்த ஒரு சின்ன விமானக் கம்பெனியின் மேனேஜர், ஏஜெண்டுகளைப் பார்க்கத் திண்டுக்கல் வந்தார். ஓட்டல் ஹாலில் கூட்டம். "அங்க வந்து வாயத் தொறந்தீரு..." என்று அண்ணனை எச்சரித்தே முதலாளி எங்கள் இருவரையும் கூட்டிப்போனார்.

மேனேஜர் பேசி முடித்து, "உங்க பக்கம் ஏதாவது யோசனை இருக்கா?" என்றார். ஒரே ஒரு கை எழுந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், சீட்டு கனம். பாதிப் பேரை நிக்கவச்சுக் கூட்டிட்டுப் போகலாம். வடமதுரை பஸ்ஸுல நிக்கிறோமே?"

ஹாலே சிரித்தது. மேனேஜரும் சிரித்து, "அது முடியாதுங்க. வேற?" என்றார்.

"வேணாங்கிறவுகளுக்கும் சேத்துச் சாப்பாட்ட மேல தூக்கிட்டுப் போயி, இறங்குனதும் குப்பையில போடுறாக. டிக்கெட் போடறப்பவே யார் சாப்பிடுவாகன்னு கேட்டா என்ன?"

மேனேஜர் சிரிப்பை நிறுத்தினார். "பெரிய கம்பெனியா இருந்தா இதுக்கு வருசம் பூரா மீட்டிங் போடணும். எங்க ஆபீஸ்ல மொத்தமே ஒரு ரூம் ஆளுங்கதான். அடுத்த வாரமே செஞ்சு பாக்கலாம்" என்றவர், அந்த முதல் பயணத்தில் எங்கள் இருவரையும் மதுரையிலிருந்து தன்னோடு மெட்ராசுக்கு ஏற்றிப்போனார்.

'சாப்பாடு வேண்டாம்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் காத்தாடி அண்ணன் ஏறினார். விமானம் மேலே போனதும் லெமன் சாதப் பொட்டலங்கள் பிரிந்தன. வாசனை வந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என் மடியைப் பார்த்தார்.

"அப்பு, செத்த நேரத்துல பசிக்கும்னு யாரு கண்டா?"

பாதிச் சோறும் முழு ஊறுகாயும் அவருக்குப் போயிற்று. பின் வரிசையிலும் அதே கதை. இரண்டு பேர் பக்கத்து ஆளின் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இறங்கியதும் அண்ணன் மேனேஜரிடம் நேரே போய், "சார், மனசு மாறுறவுகளுக்கும் கொஞ்சம் வைக்கணும். என்னால மேலயே உக்கார முடியல" என்று ஒப்புக்கொண்டார். அதையும் அடுத்த பயணத்திலேயே செய்தார்கள். அதன்பிறகு அநேகமாக எதுவுமே குப்பைக்குப் போகவில்லையாம்.

சீக்கிரமே மேனேஜர் முதலாளிக்குப் போன் செய்து, அண்ணனை மதுரை ஆபீசுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். "அவரு போயிட்டா இங்க யாரு இருக்கா?" என்று சண்டைக்குப் போனவர் முதலாளிதான். கடைசியில் அவரே பாய் கடையில் பிரியாணி சொல்லி வழியனுப்பினார்.

இப்போது எங்கள் டிராவல்ஸில் கேட்ட டிக்கெட்டைக் கேட்டபடி போட்டுக் கொடுக்கிறோம். யாரும் யாருடைய பெட்டியையும் தூக்கிப் பார்ப்பதில்லை. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள். எனக்குத்தான் பக்கத்து நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம், யாராவது வந்து வம்பிழுக்க மாட்டார்களா என்று இருக்கிறது.