மாமிக்கு ஒரு நீச்சல் தடாகம்

புதிதாகக் கலியாணம் செய்தவன் மாமியாருக்கு முன்னால் “எனக்குத் தெரியாது” என்று சொல்லவே மாட்டான். நான் அன்றைக்கு ஒருமுறை சொல்லித் தொலைத்திருந்தால் எவ்வளவோ மானம் மிஞ்சியிருக்கும்.

அப்போது நானும் வாசுகியும் வெள்ளவத்தைக்குப் பக்கத்தில், பாமன்கடை என்ற இடத்தில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பின்வளவில் ஒரு நீச்சல் தடாகம் இருந்தது. (பெரிய ஹோட்டலை நினைக்க வேண்டாம்.) இரும்புக் குழாய்களைப் பொருத்தி, அதற்குள் நீலத் தறப்பாளைத் தொங்கவிட்டு, நிலத்துக்கு மேலே இடுப்பளவில் நிற்கிற வகை. முன்பு இருந்தவர்கள் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. மழைத் தண்ணீர் நிரம்பிப் பச்சையாகி, அதில் தவளைகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

வாசுகியின் அம்மா முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து எங்களோடு வந்திருந்தார். தடியில்லாமல் நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியும் மாமிக்கு விழுந்துவிடுவேனோ என்று பயம். கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவிலேயே சீவியம் போனது.

“தண்ணிக்குள்ள நடந்து பழகட்டாம். அதுக்கு நான் எங்க போறது, வெள்ளவத்தைக் கடலுக்கோ?” என்றார் ஒருநாள்.

“ஏன் மாமி கடலுக்கு? பின்னால பூல் இருக்கு. நான் சரியாக்கித் தாறன்.”

“உங்களுக்கு உது தெரியுமோ தம்பி?”

“ஓம் மாமி. சின்ன வேலை.”

(அதுவரை நான் சரியாக்கிய ஒரே பொருள் என் மூக்குக் கண்ணாடி. அதுவும் சரிவாகத்தான் நின்றது.)

தண்ணீரை இறக்க ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சினேன். நினைத்ததைவிடக் கெதியாக வந்துவிட்டது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. தவளைகளை வாசுகியின் புட்டுப் பானையில் பிடித்துக்கொண்டுபோய்க் கால்வாயில் விட்டேன். பானையையும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னாள். பாசியைத் தேய்த்துக் கழுவி, ஓட்டைகளுக்கு சைக்கிள் ரியூப் துண்டுகளை ஒட்டினேன். தடாகத்தின் துருப்பிடித்த குழாய்க் கால் ஒன்றை உடுப்புக் காயப்போடும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நல்ல தண்ணீரை நிரப்பினேன்.

“இஞ்சருங்கோ, உந்தக் கால் ஆடுது. தெரிஞ்ச ஆரையும் கூப்பிட்டுக் காட்டுவம்,” என்றாள் வாசுகி.

“ஆடுறது நல்லது. வளைஞ்சு குடுக்கும்,” என்றேன், எஞ்சினியர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டூலில் ஏற்றி, இருபக்கமும் தாங்கி, மாமியை மெதுவாக உள்ளே இறக்கினோம். ஹவுஸ்கோட் குடை மாதிரி விரிந்து மிதந்தது. மாமி ஓரடி வைத்தார். இன்னோர் அடி.

“தம்பி, கால் நோகவே இல்லை!”

அந்த முகத்தைப் பார்த்த பூரிப்பில், கைகளைக் கட்டிக்கொண்டு விளிம்பில் ஒய்யாரமாகச் சாய்ந்தேன். சாய்ந்த இடத்துக்கு நேர் கீழேதான் கயிறு கட்டிய கால்.

படாரென்று ஒரு சத்தம். தடாகம் முழுவதும் என் பக்கமாகப் பாய்ந்து, என்னையும் தூக்கிக்கொண்டு வீட்டின் பக்கத்து ஒழுங்கையால் வாசல் கேற்றடிக்குப் போனது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் பாதி வழியில் என்னைக் கைவிட்டது. (உள்ளே காற்சட்டை இருந்தது, கடவுள் புண்ணியம்.)

பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ட்டி மதிலுக்கு மேலால் எட்டி, என்ன உடைந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் உடைத்தேன் என்று சொல்ல நினைத்து, “மம தமய் கெடுனே” என்றேன். அதற்கு ‘நான்தான் உடைந்தேன்’ என்று அர்த்தம். என் கோலத்தைப் பார்த்த ஆன்ட்டி அதை அப்படியே நம்பிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு மாமியின் முழங்கால் நினைவுக்கு வந்தது. எழும்பப் பார்த்தேன், சேறு வழுக்கி மறுபடியும் விழுந்தேன்.

“தம்பி! எங்கையும் அடிபட்டுதோ?”

நிமிர்ந்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட மாமி வீட்டு மூலையால் திரும்பி வந்துகொண்டிருந்தார். தண்ணீர் போன வேகத்தில் மாமி தறப்பாளில் மெத்தென்று இருந்துவிட்டாராம். தானாகவே எழும்பியும் விட்டாராம். பின்னால் வாசுகி கத்திக்கொண்டு ஓடி வந்தாள்: “அம்மா, தடி! தடி!”

“அதை அங்கால வை பிள்ளை. அவர் விழுந்து கிடக்கிறார்!”

என்னருகே வந்த பிறகுதான் மாமி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு கேற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், கண்ணால் தண்ணீர் வரும்வரை. நான் சேற்றில் இருந்தபடியே சிரித்தேன். எழும்பினால் ஆன்ட்டி பார்ப்பார்.

அதன் பிறகு மாமி தடியைத் தொடவில்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் யாராவது முழங்கால் நோகிறது என்றால் போதும், எந்தக் கலியாண வீடென்றும் பாராமல் என்னைக் காட்டிச் சொல்கிறார்:

“டொக்டரிட்டப் போய் மினக்கெடாதேங்கோ. எங்கட மருமகன் ஒருக்கா விழுந்து காட்டுவார். நீங்கள் எழும்பி ஓடுவியள்.”