நான் குற்றவாளி இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது

மேல் மிச்சிகன்
டிசம்பர் 11

மதிப்பிற்குரிய மைத்துனர் வெர்லின் அவர்களுக்கு,

டேல் ஹாப்பலா எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மார்லிஸும் என் இடது முழங்காலைத் தவிர மற்றபடி நலம். அரிசோனாவில் நீங்களும் ஷார்லீன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வாசலில் இரண்டடிப் பனி கிடக்கிறது, உங்கள் பங்கையும் சேர்த்து நானே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இரண்டு மாதமாக என்னோடு பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அக்டோபரில் மார்லிஸ் உங்களுக்குப் போன் போட்டு, "அண்ணே, இவர் ஏதோ பெரிய குத்தம் பண்ணிட்டு என்கிட்ட மறைச்சிருக்காரு" என்று அழுததும், நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து "எனக்குக் கல்யாணத்தன்னைக்கே அந்த மாப்பிள்ளை மேல ஒரு சந்தேகம்தாம்மா" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அவள் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். போகட்டும், நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. முந்தாநாள் தபாலில் கடிதம் வந்துவிட்டது. நான் நிரபராதி. சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எழுபது நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஏனென்றால் மார்லிஸ் உங்களுக்குச் சொன்னதில் பாதி கடைக்காரன் கார்டியின் மனைவி டார்லா சொன்னது, டார்லா சொன்னதில் பாதி யாருமே சொல்லாதது. என் பழைய ரைபிளின் கட்டை உடைந்துபோயிற்று (வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அதன் மேல் ஏற்றியது யார் என்பதை விசாரிக்க வேண்டாம்), மான் வேட்டை தொடங்க ஆறு வாரம்தான் இருந்தது, சரி, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கார்டியின் கடைக்குப் போனேன். மண்புழு, கம்பளிக் காலுறை, துப்பாக்கி மூன்றும் ஒரே மேசையில் விற்கிற அதே கார்டிதான். அவன் படிவத்தைக் கொடுத்தான். பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் எழுதினேன். சமூகப் பாதுகாப்பு எண், அதுதான் அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிற ஒன்பது இலக்கம், அதற்கென்று ஓர் இடம், பக்கத்தில் 'விருப்பமிருந்தால் மட்டும்' என்று போட்டிருந்தது. "இதையும் எழுதிருப்பா, நல்லது" என்றான் கார்டி. எனக்கு அந்த மாதிரி இடத்தைப் பார்த்தாலே ஒரு வீம்பு வந்துவிடும், அது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அப்படித்தான், நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான். "அரசாங்கத்துக்கு என்னைப் பத்தி எவ்வளவு குறைச்சலாத் தெரியுதோ அவ்வளவு நல்லது" என்று பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பாஸ்டர் லிண்ட்ஹோம்கூடக் கையில் காலுறையோடு புன்னகைத்தார்.

வாங்குகிறவன் மேல் ஏதாவது குற்றப் பதிவு இருக்கிறதா என்று அரசாங்கத்திடம் கேட்க, கார்டி உள்ளே போய்ப் போன் போட்டான். நான் பாஸ்டரிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்டி வெளியே வந்தபோது அவன் முகம் பல் மருத்துவரிடம் போய்வந்த முகமாக இருந்தது.

"டேலு, மறுப்புன்னு வருது."

"என்ன மறுப்பு?"

"உனக்கு விக்கக் கூடாதாம்."

"வெளையாடாத கார்டி."

"வெளையாட்டா இருந்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கும். துப்பாக்கியிலேர்ந்து கையை எடு."

நாற்பது வருடமாக என் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து தின்றுவிட்டுப் போனவன், அந்தத் துப்பாக்கியை நான் ஏதோ செய்துவிடுவேன் என்பது போல மெல்ல இழுத்து மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தான். ஏன் என்று கேட்டேன். "காரணத்தை எனக்குச் சொல்ல மாட்டாங்கப்பா, நீதான் எழுதிக் கேக்கணும்" என்று ஓர் எண் எழுதிய தாளைக் கொடுத்தான். பாஸ்டர் என் தோளில் கை வைத்து, "டேல், எப்ப வேணும்னாலும் வாங்க, மனசுல இருக்கறதைப் பேசலாம்" என்றார். மனதில் துப்பாக்கியைத் தவிர ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

கடையிலிருந்து வீட்டுக்கு வண்டியில் பதினோரு நிமிடம். செய்தி நாலு நிமிடத்தில் போய்விட்டது. மார்லிஸ் சமையலறை மேசையில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார்டியின் மனைவி டார்லாவுக்கு அந்தப் படிவத்தின் கேள்விகள் மனப்பாடம், யார் யாருக்கெல்லாம் துப்பாக்கி கிடையாது என்று போனிலேயே ஒப்பித்திருக்கிறாள்: பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், போதை மருந்துக்காரர், ராணுவத்திலிருந்து அவமானமாக வெளியேற்றப்பட்டவர், மனைவியை அடித்தவர். மார்லிஸ் கடைசியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை நீ அடிச்சதில்ல. அப்ப யாரை அடிச்ச?"

"யாரையும் இல்ல மார்லிஸ்."

"கல்யாணத்துக்கு முந்தி ஒம்போது மாசம் கப்பல்ல வேலைன்னு போனியே. கப்பல்லதான் இருந்தியா?"

மச்சான், நாற்பத்தொரு வருடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கப்பலில்தான் இருந்தேன், இரும்புத் தாது ஏற்றுகிற கப்பலில், எட்டு மாதம் வாந்தியெடுத்தேன். ஆனால் அவள் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு நிமிடம், எங்கேயாவது இன்னொரு மனைவியை விட்டுவிட்டு மறந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பயந்துபோனேன். துப்பாக்கி போனால் போகிறது, இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? அதனால் எனக்கு ஞாபகம் இருக்கிற தப்பையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டால், மிச்சம் ஒன்றுமில்லை என்று நம்புவாள் என்று நினைத்தேன். இது என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய முட்டாள்தனம். உங்கள் அப்பாவுக்கு முதன்முதலாக நான் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்த மீன், கடையில் வாங்கியது என்றேன். சர்ச் பெயர்ப்பலகையைச் சாய்த்தது கரடி இல்லை, பனி தள்ளுகிற வண்டியும் நானும் என்றேன். உங்கள் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொடுத்தனுப்பிய கொடிமுந்திரி அப்பத்தைப் பத்தொன்பது வருடம் பன்றிகளுக்குப் போட்டேன், பத்தாவது வருடத்துக்குப் பிறகு பன்றிகளும் தின்பதை நிறுத்திவிட்டன என்றேன். உங்கள் படகு மோட்டார் ஏரியில் தானாகக் கழன்று விழவில்லை என்றும் சொல்லிவிட்டேன். இதற்காக உங்களிடம் இந்தக் கடிதத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவையும் மறைச்சவன் ஒரு பொண்டாட்டியை மறைக்க மாட்டானா?" என்று சொல்லித் தையல் அறைக்குத் தலையணையோடு போய்விட்டாள்.

நவம்பர் பதினைந்தாம் தேதி வேட்டை தொடங்கியது. கூடாரத்துக்கு நானும் போனேன், சமையற்காரனாக. ஒரு துப்பாக்கியையும் தொடாதே என்று கார்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், இருபத்தேழு வருடமாக விடிகாலையில் முதல் ஆளாகக் காட்டுக்குள் போனவன் அடுப்பில் இறைச்சி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். "தேடப்படும் குற்றவாளி, இன்னும் கொஞ்சம் கிழங்கு வைப்பா" என்றுதான் எல்லோரும் தட்டை நீட்டினார்கள். சிரித்துக்கொண்டேதான் போட்டேன். தனியாகப் பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இதற்கிடையில் மேல்முறையீடு செய்திருந்தேன். அதற்குப் பத்து விரல் ரேகையும் வேண்டுமாம். அரசாங்கத்துக்கு ஓர் எண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றவன், பத்து விரலையும் கொண்டுபோய் ஷெரிஃப் அலுவலகத்தில் நீட்டினேன். அங்கே மிஸ்டி என்ற பெண் என் விரலை மையில் உருட்டினாள், தாளில் உருட்டினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அங்கிள், உங்களுக்கு ரேகையே இல்லையே."

"முப்பத்தஞ்சு வருஷம் செங்கல் வச்ச கைம்மா. சிமென்ட் தின்னுருச்சு."

"இந்தக் கையோட நீங்க திருடப் போயிருந்தா எங்களால பிடிச்சே இருக்க முடியாது" என்றாள். என்னோடு வந்திருந்த மார்லிஸ் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பிறகு இரண்டு வாரம் தினமும் கையில் களிம்பு தடவி, பருத்தி உறை மாட்டிக்கொண்டு வரச் சொன்னாள். களிம்பை நானே தடவிக்கொள்ள முடியவில்லை, ஒரு கையில் தடவினால் மற்ற கை வழுக்கியது. முதல் நாள் மார்லிஸ் என் அவஸ்தையைப் பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு பேசாமல் எதிரே வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடுங்கித் தடவ ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அரை மணி நேரம். முதல் வாரம் ஒரு வார்த்தை இல்லை. ஒன்பதாம் நாள் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே, "கப்பல்ல சாப்பாடு எப்படி?" என்று கேட்டாள். "கேவலம்" என்றேன். "நல்லா வேணும்" என்றாள். அன்று எனக்கு வந்த சந்தோஷம் முந்தாநாள் கடிதம் வந்தபோதுகூட வரவில்லை, சத்தியமாக.

கடிதத்தில் நாலே வரி. என் விரல் ரேகையும் அவர்கள் வைத்திருந்த குற்றப் பதிவும் ஒரே ஆளுடையவை அல்லவாம், மறுப்பு ரத்தாம். என் பெயரும் என் பிறந்த தேதியும் கொண்ட எவனோ ஒருவன் எங்கேயோ ஏதோ செய்திருக்கிறான். கார்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "அன்னைக்கே அந்த ஒம்போது இலக்க எண்ணை எழுதித் தொலைச்சிருந்தா, அவன் வேற நீ வேறன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். எழுதுன்னு நான் சொன்னேன், உன் வீம்புதான் கேக்கல" என்றான். ஆக, என்னைப் பற்றிக் குறைவாகத் தெரிந்ததால்தான் அரசாங்கம் என்னை இன்னொருவன் என்று நினைத்திருக்கிறது. இதை மார்லிஸிடம் சொன்னபோது அவள் மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். தலையணையும் திரும்பி வந்துவிட்டது. எனக்கு இப்போது துப்பாக்கி வேண்டும் என்றே தோன்றவில்லை, வீடு வீடாக இருந்தால் போதும்.

ஆகையால் மச்சான், பழையதை மறந்து, கல்யாணத்தன்றைக்கு வந்த சந்தேகத்தையும் வாபஸ் வாங்கிக்கொண்டு, கிறிஸ்துமஸ் அன்று போன் செய்யுங்கள். ஷார்லீன் அக்காவுக்கு என் அன்பு, நாய்க்குத் தனியாக. உங்கள் குடும்பம் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

குற்றமற்ற உங்கள்
டேல் ஹாப்பலா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். இன்று மதியம் மார்லிஸ் முட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். முட்டைக்கு இல்லை, என்னைச் சந்தேகப்பட்ட பாவத்துக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக எனக்கு ஒரு ரைபிள் வாங்க ரகசியமாகக் கார்டி கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வீடு வந்து சேருவதற்குள் கார்டியே போன் செய்துவிட்டான்: "டேலு, உக்காந்துக்க. மார்லிஸுக்கும் மறுப்பு." அவள் வந்ததும் நான் ரொம்பப் பெருந்தன்மையாக, "கவலைப்படாத, இதுவும் வேற எவளாவதா இருக்கும்" என்றேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் எதுவும் சொல்ல மாட்டேன். அண்ணனும் நானும் சத்தியம் பண்ணியிருக்கோம், அவர் சரின்னு சொன்னாத்தான் வாயைத் திறப்பேன்" என்கிறாள். இதுவரை ஆறு தடவை உங்களுக்குப் போன் செய்துவிட்டாள். எடுங்கள், மச்சான். நான் அவளுக்கு எதிரே கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.